இரு நிறைகற்கள்: ஆட்சியாளரைத் திருச்சபை மதிப்பிடும் முறை

ஆட்சியாளர் ஒருவரைக் கிறிஸ்தவர்கள் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் எந்த அளவுகோலைக் கொண்டு என்னும் வினா நம் இறையியல் வகுப்புகளில் அதிகமாக எழுப்பப்படுவதில்லை. குடி, இல்லற ஒழுக்கம், பொய், கையூட்டு ஆகியவற்றைக் குறித்துச் சபையாருக்கு ஓயாது போதிக்கும் பிரசங்க பீடம், இதே குறைகள் தனக்கு உதவும் தலைவரிடத்தில் காணப்படுமாயின் வாய் மூடிக்கொள்கிறது. எதிர் முகாமில் இருப்பவரிடத்தில் காணப்படுமாயின் வேத வசனங்களை அடுக்கிக் கண்டிக்கிறது. வணிகனின் பையில் இருவகை நிறைகற்கள் இருப்பதைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகள் 20:10 உணர்த்துகிறது. அப்போதனை அங்காடிக்கு மட்டுமே உரியதன்று.

இதற்குத் தக்க சான்று நம் அண்மைக்கால வரலாற்றிலேயே உள்ளது. 1975 ஜூன் 25 அன்று பிரதமர் இந்திரா காந்தியின் அரசு நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தபோது, இந்தியத் திருச்சபைத் தலைவர்களுள் பலர் மௌனம் காத்தனர். சிலர் வெளிப்படையாகவே வரவேற்றனர். இரயில்கள் நேரத்திற்கு ஓடுகின்றன, வேலைநிறுத்தங்கள் இல்லை, ஒழுங்கு நிலவுகிறது என்பனவே அவர்களுக்குப் போதிய நியாயங்களாகத் தோன்றின. ரோமர் 13ஆம் அதிகாரம் கேட்பாரின்றி எடுத்தாளப்பட்டது.

அந்த ஒழுங்கு யாருடைய தோள்மேல் சுமத்தப்பட்டது என்பதைத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியிலிருந்து நோக்கினால் தெளிவாகக் காணலாம். மோட்டார் வாகனம், டயர், மோட்டார் சைக்கிள் முதலியவற்றை உருவாக்கும் ஆலைகளால் வாழ்ந்த பகுதி இது. 1975 செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், தொழிலாளருக்குரிய குறைந்தபட்ச போனஸை 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைத்தது. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யும் வழியும் அடைபட்டது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமர்ந்த தொழிலாளிக்கு ஒழுங்கின் நன்மை போதிக்கப்பட்டது. அவன் கூலியில் குறைந்த பங்கைப் பற்றிப் பேச்சில்லை.

1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. இராயபுரத்திற்கு வெகு தொலைவில் இல்லாத சென்னை மத்திய சிறையில் அரசியல் கைதிகள் தாக்கப்பட்டனர். சிறையில் அடிபட்டவர்களுள் ஒருவரும், முன்னர் இம்மாநகரின் மேயராக இருந்தவருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் மரித்தார். இக்கொடுமைகளைப் பின்னர் நீதிபதி எம். எம். இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில் தமிழ்நாட்டின் பெரும்பாலான தொகுதிகள் காங்கிரஸ் இடம்பெற்ற கூட்டணிக்குச் செல்ல, வடசென்னைத் தொகுதியோ தி.மு.க.வின் ஏ. வி. பி. ஆசைத்தம்பியைத் தேர்ந்தெடுத்தது.

திருச்சபையில் மாற்றுக் குரலே எழவில்லை என்று கூறுவது அநீதியாகும். மார்த்தோமா சபையின் தலைமைப் பேராயர் யூஹானோன் மார்த்தோமா நெருக்கடி நிலையை விலக்கிக்கொள்ளுமாறு பிரதமருக்கே கடிதம் எழுதினார். அச்சபையைச் சேர்ந்த இறையியலறிஞர் எம். எம். தாமஸ், சென்னையிலிருந்து வெளிவந்த ‘கார்டியன்’ என்னும் கிறிஸ்தவ வார இதழ் வாயிலாகத் தொடர்ந்து எழுதினார். 1975 ஜூலை முதல் 1977 பிப்ரவரி வரை அவர் எழுதியவை, ‘கொடுங்கோன்மைக்கு மறுமொழி’ எனப் பொருள்படும் தலைப்புடன் 1979இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. இவ்விருவரின் எதிர்ப்பும், தங்கள் சபைக்கு இழைக்கப்பட்ட தீங்கினால் பிறந்ததன்று. பிறர் இழந்த உரிமைக்காகப் பிறந்தது. அவர்களுடைய சாட்சியின் தனிச்சிறப்பு இதுவே.

இதனோடு 2002ஆம் ஆண்டை ஒப்பிடுதல் பயன் தரும். அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. கிறிஸ்தவர் திரண்டெழுந்தனர், நம் கல்விக்கூடங்கள் கதவடைத்தன. அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் 2003 ஜூலையில் அதே அரசு வேலைநிறுத்தம் செய்த ஊழியர் ஏறத்தாழ 1,70,000 பேரை ஒருசேரப் பணிநீக்கம் செய்தபோது, நம் பிரசங்க பீடங்கள் அதே உரத்த குரலில் பேசினவா? 2011இல் எருசலேம் திருப்பயணத்திற்கு ஆளுக்கு 20,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தை அதே தலைவர் அறிவித்தபோது, பழைய கண்டனங்கள் எங்கே மறைந்தன? நமக்குத் தீங்கு செய்தால் ஏரோது, நன்மை செய்தால் கோரேசு என்று பெயரிடுவது அறநெறி ஆகாது. அது கணக்குப் பார்த்தல்.

சிறுபான்மையினர் தம் பாதுகாப்பைக் கருதுவது குற்றமா என்று வினவலாம். குற்றமன்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவருக்கு அட்டவணைச் சாதியினரின் உரிமைகளை மறுப்பதை எதிர்ப்பது நீதிக்கான போராட்டமே. நாம் மறுப்பது, சுயநலத்தை ஒழுக்கத்தின் மொழியால் போர்த்துவதை மட்டுமே. 1934இல் ஜெர்மனியில் எழுந்த பார்மென் அறிக்கை திருச்சபையின் சுதந்திரத்தை வீரத்தோடு பறைசாற்றிற்று. எனினும் யூதரைக் குறித்து அதில் ஒரு சொல்லும் இல்லை. தன் உரிமைக்காக மட்டும் பேசும் துணிவு, துணிவேயாயினும் முழுமை பெற்றதன்று.

அமெரிக்காவிலும் இந்நோயைக் காண்கிறோம். பொது வாழ்வில் இருப்போருக்கு ஒழுக்கம் இன்றியமையாதது என்று 1998இல், கிளிண்டன் ஆட்சிக் காலத்தில், தென் பாப்திஸ்து சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. தனிவாழ்வில் ஒழுக்கக்கேடான ஒருவர் பொதுப்பணியில் நேர்மையாக நடக்கக்கூடும் என்று 2011இல் ஓர் ஆய்வில் கூறிய வெள்ளையின இவாஞ்சலிக்கர் 30 விழுக்காட்டினர். டிரம்ப் போட்டியிட்ட 2016இல் அவ்வாறு கூறியோர் 72 விழுக்காட்டினர். இந்த ஐந்தாண்டுகளில் திருமறை மாறவில்லை, வேட்பாளர் மாறினார்.

பெத்தேல் ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்று கூறி ஆமோஸை விரட்டிய அமத்சியாவை (ஆமோஸ் 7:13) நாம் எளிதில் கண்டிக்கிறோம். வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்தி, கல்லறைக்கு நிலமும் பள்ளிக்கு உதவியும் கேட்டு மனு அளிக்கும் ஆயரும் அமத்சியாவின் வாசலிலேயே நிற்கிறார். 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினர். அம்மக்களின் காற்றும், கழிமுகத்தை நம்பி வாழும் மீனவரின் வலையும் நம் மனுவில் இடம்பெறுகின்றனவா?

ஆயர்களாகப் புறப்படவிருக்கும் மாணவர் மூன்று வினாக்களைத் தம்முடன் கொண்டு செல்வது நலம். இத்தலைவர் நமக்குச் செய்ததைத் தவிர்த்து, நம்மவரல்லாத ஏழைக்கு என்ன செய்தார்? இவரிடம் நாம் மன்னிக்கும் குறையை இவருடைய எதிரியிடமும் மன்னிப்போமா? இவர் தவறிழைக்கும் நாளில் அதை இவர் முகத்திற்கு முன்பாகக் கூற இயலுமா? மூன்றாவது வினாவுக்கு ‘ஆம்’ என விடையளிக்க இயலாத இடத்தில், ஆட்சியாளருக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்கவும் வேண்டும். ஆனால் அவருக்காக வாக்குக் கேட்கும் தகுதி நமக்கு இல்லை.