தமிழ்க் கையெழுத்துப் பாணி எழுத்துருக்களும் வரிவடிவ மரபும்

பெங்களூரு போன்ற பன்மொழி நகரங்களில் அச்சாகும் திருமண அழைப்பிதழ்களில், மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில் மெல்லிய கையெழுத்து வடிவிலும் தமிழில் தடித்த அச்செழுத்திலும் அமைவதுண்டு. தமிழையும் நளினமாக்க விரும்புவோர் அச்செழுத்தை மெலிவித்து வலப்புறம் சாய்த்துவிடுகின்றனர். இது கையெழுத்தாகுமா என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலக் கையெழுத்துருவின் நளினம் கூர்முனைத் தூவலால் விளைந்தது. அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும், எழுத்துகள் இழையால் இணையும். தமிழோ நெடுங்காலம் ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது. கீறலில் தடிப்பும் மெலிவும் மிகுதியாகத் தோன்றா. ஓலை சிதையுமென்று மெய்யெழுத்துகளும் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பட்டன. ஆகவே தமிழ்க் கையெழுத்தின் அழகு சுழியிலும் வளைவிலும் தங்கியுள்ளது எனலாம்.

இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்து, கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கட்டணமின்றிக் கிடைக்கும் 'கவிவாணர்' இவ்வகையில் குறிப்பிடத்தக்க முயற்சி. எழுத்துகளை இழையால் பிணைக்க முற்படாமல், சாய்வாலும் கைவீச்சாலும் கையெழுத்துச் சாயலைக் கொணர்வது அதன் சிறப்பு. எனினும் ஒரே தடிப்பில் மட்டும் அமைந்திருப்பதால், தலைப்புக்கு வேண்டிய மென்கோட்டை அதனிடம் பெற இயலாது.

இவ்வகை எழுத்துருக்கள் அனைத்தும் எதிர்கொள்ளவேண்டிய சிக்கல் வேறொன்றுண்டு. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றிற்று. பெரியார் தம் இதழ்களில் முன்னரே கையாண்ட இம்மாற்றம் அச்சுக்கும் தட்டச்சுக்கும் பெரும்பயன் விளைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் பழைய வடிவங்கள் கையோட்டத்தின் விளைவுகள். லகரத்தோடு ஒட்டித் துதிக்கைபோல் வளைந்த ஐகாரக் குறியும், ணகரத்தின் இறுதிக் கோட்டிலிருந்தே கீழே சுழிந்த ஆகாரக் குறியும் எழுத்தோடு ஒட்டியே பிறந்தவை. அச்சின் வசதிக்காகப் பிரித்த குறிகளைக் கையெழுத்துருவும் அவ்வாறே ஏற்பது முரணாகும். மூத்த தலைமுறையினர் பலர் இன்றும் பழைய லையையே எழுதுகின்றனர். அவர்தம் கையெழுத்துக்கும் இவ்வெழுத்துருக்களில் இடம் வேண்டும்.

இதற்குத் தொழில்நுட்பத் தடையுமில்லை. ஒருங்குறியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே. வடிவை முடிவு செய்வது எழுத்துருவே. பழைய வடிவை மாற்றுருவாக உள்ளே வைத்து, வேண்டுவோர் தேர்ந்துகொள்ளச் செய்யலாம். பாடநூலுக்கும் அலுவலக ஆவணத்துக்கும் சீர்திருத்த வடிவே பொருந்தும். அதனை மாற்றவேண்டுமென்பது இங்குக் கருத்தன்று. அழைப்பிதழ், நூலட்டை, பதாகை ஆகியவற்றின் நிலை வேறு. 'கலைச்செல்வி' என்னும் பெயரை மென்கோட்டில் பெரிதாக அமைக்கும்போது, லகரத்துக்கு முன்னே தனித்து நிற்கும் ஐகாரக் குறி பெயரை இடையே பிளந்து காட்டுகிறது; பழைய வடிவில் அப்பிளவு தோன்றுவதில்லை.