மோல் கணக்கு: விடை சரி, படி எங்கே?

படிவம் 4 மாணவன் ஒருவன் வேதியியல் பயிற்சி நூலோடு வந்தான். "ஐயா, புக்ல உள்ள மாதிரிதான் செஞ்சேன், ஏன் தப்பு?" நான் தமிழாசிரியர்தான், இருந்தாலும் வாசித்துப் பார்த்தேன். தப்பு அவனுடையது மட்டுமல்ல.

நூலின் மாதிரிக் கணக்கு இது: 2.4 கிராம் மக்னீசியம் முழுதாக எரிந்தால் எவ்வளவு மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்? 2.4-ஐ 24-ஆல் வகுத்தால் 0.1 மோல். ஒரு மோல் ஆக்சைடு 40 கிராம். பெருக்கினால் 4 கிராம். விடை சரி. ஆனா நடுவில ஒரு படி காணாமப் போனதைக் கவனிச்சீங்களா? சமன்பாட்டில் இரண்டு மக்னீசியத்துக்கு இரண்டு ஆக்சைடு. விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் அதை எழுதாமலே தப்பித்துவிட்டார்கள்.

அடுத்த கேள்வி 5.4 கிராம் அலுமினியம். 27-ஆல் வகுத்தால் 0.2 மோல். பையன் அப்படியே 102-ஆல் பெருக்கி 20.4 கிராம் என்று எழுதிவிட்டான். இங்கே நான்கு அலுமினியத்துக்கு இரண்டு ஆக்சைடுதான். ஆகவே 0.1 மோல், 10.2 கிராம்.

மாணவர்களே, விகிதத்தை முழு வாக்கியமாகவே எழுதுங்கள்: "4 மோல் அலுமினியம் 2 மோல் ஆக்சைடு தரும், ஆகவே 0.2 மோல் அலுமினியம் 0.1 மோல் தரும்." ஆசிரியர்களே, முதல் மாதிரிக்கே அலுமினியத்தை எடுக்கலாமே. மக்னீசியம் பிறகு வரட்டும்.