புனிதரின் கடிதத்தில் ஒரு கப்பித்தான்

ஸ்பானிய வெற்றியாளர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை வரும். கோர்த்தெஸின் மெக்சிகோ படையெடுப்பில் கூடவே நடந்த பெர்னால் தியாஸ் என்ற சிப்பாய், முதுமையில் உட்கார்ந்து அத்தனையையும் எழுதிவைத்தார். எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியக் கப்பித்தான்களுக்கு அப்படி ஒரு சிப்பாய் வாய்க்கவில்லை. கிடைத்தது ஒரு புனிதர்.

பிரான்சிஸ் சவேரியார் 1544-ல் தன் உதவியாளர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதங்களைச் சமீபத்தில் மறுபடி வாசித்தேன். தூத்துக்குடிக் கப்பித்தான் கோஸ்மே தெ பைவா அவற்றில் வந்துபோகிறார். அவரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, அவரைச் சகிக்கமுடியாத ஒருவர் எழுதியதுதான். அந்த எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

கப்பித்தானின் அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1530-களில் முத்துச்சலாபத்துக்காக மரைக்காயர்களோடு மோதல் முற்றியபோது, பரதவர்கள் போர்ச்சுகீசியரின் துணையைத் தேடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538-ல் வேதாளையில் மரைக்காயர்களின் கப்பற்படை தோற்றது. அதன்பின் கடற்கரையில் போர்ச்சுகீசியர் வைத்ததுதான் சட்டம். ஒப்பந்தம் எளிமையானது: வரி உனக்கு, பாதுகாப்பு எனக்கு.

ஆறே வருஷத்தில் அந்தப் பாதுகாப்பின் லட்சணம் தெரிந்துவிட்டது. 1544 செப்டம்பரில் ஆலந்தலையிலிருந்து சவேரியார் அவசரமாக எழுதுகிறார். கப்பித்தானின் கப்பலும் வீடும் எரிந்துபோயின, ஆள் தீவுக்கு ஓடிவிட்டார் என்று செய்தி வந்திருக்கிறது. ஊர்ச்சனமும் தீவில்தான். உடனே புன்னைக்காயலிலிருந்து தோணிகளைக் கிளப்பு, சாப்பாடு ஏற்று, முக்கியமாகத் தண்ணீர் ஏற்று என்கிறார். மற்ற ஊர்ப் பட்டங்கட்டிகளுக்கும் ஓலை போகிறது.

சும்மா சொல்லக்கூடாது, இந்த இடத்தில் சவேரியார் அபாரமான எழுத்தாளர். பிரசங்கம் இல்லை, உவமை இல்லை. தோணி, தண்ணீர், சீக்கிரம். மன்னார் வளைகுடாத் தீவில் வெயிலில் நின்றவனுக்குத்தான் அந்தத் தண்ணீரின் எடை தெரியும். சில மாதம் கழித்துக் கொச்சியிலிருந்து எழுதும்போது அவர் மறுபடி போதகராகிவிடுகிறார். பைவாவின் கொள்ளைகளையும், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் விழுந்த சாவுகளையும் சொல்லி, அந்த மனசாட்சியின் பாரத்தை இறக்க உதவச் சொல்கிறார். பேராசைக்காரன் வீழ்ந்தான் என்று கதை அறமாக முடிந்துவிடுகிறது.

எனக்கு அங்கேதான் இடிக்கிறது. முத்துக்குளித்துறை வரியில் ஒரு பகுதி போர்ச்சுகல் ராணியின் செருப்புச் செலவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் அந்தப் பணத்தை உபதேசியார்களுக்காகக் கேட்டு வாங்கினார். நல்ல காரியம்தான். ஆனால் செருப்புக்குப் போனாலும் செபத்துக்குப் போனாலும், அந்தக் காசு மூச்சடக்கி அடியில் இறங்கியவனுடையது. கப்பித்தான் கெட்டவர், சாமியார் நல்லவர் என்று பிரித்துவிட்டால் நமக்கு வாசிப்பு சுலபமாகிவிடும். கடிதங்கள் அவ்வளவு சுலபமாக இல்லை.

ஓடிப்போன கப்பித்தானுக்கும் பசித்த சனத்துக்கும் தண்ணீர் கொண்டுபோக வேண்டியவை எங்கள் தோணிகள். தண்டு வலித்தவர்களில் ஒருவன் பெயர்கூடக் கடிதத்தில் இல்லை. 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கப்பித்தான்களின் காலமே முடிந்தது. சவேரியார் கெபிகள் கடற்கரை நெடுக நிற்கின்றன. பைவாவை ஊரில் யாருக்கும் தெரியாது.

அந்தத் தோணிக்காரன் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தைத்தான் நான் இன்னும் தேடுகிறேன்.