மையமில்லாப் பேரரசும் அசிசியின் ஏழையும்

அமெரிக்கராகிய மைக்கேல் ஹார்ட்டும் இத்தாலியராகிய அந்தோனியோ நெக்ரியும் இணைந்து எழுதி, 2000-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘பேரரசு’ என்னும் நூலின் இறுதிப் பத்தியில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வந்து நிற்கிறார். மார்க்சியச் சிந்தனையாளர் இருவர் 400 பக்கங்களுக்கு மேல் அரசியல் பேசிவிட்டு ஓர் ஏழைத் துறவியை முன்மாதிரியாகக் காட்டுவது நமக்கு வியப்பளிக்கிறது, மகிழ்ச்சியும்தான். ஆயினும் அம்மகிழ்ச்சியில் நம் கேள்விகள் மழுங்கிவிடலாகாது.

நாடுகளின் இறையாண்மை நலிந்து வருகிறது என்பது நூலின் வாதம். ஆனால் இறையாண்மையே மறைந்துவிடவில்லை. உலகளாவிய வலைப்பின்னலாக அது உருமாறியிருக்கிறது. பழைய ஏகாதிபத்தியத்திற்குத் தலைநகர் இருந்தது. இப்பேரரசுக்கோ மையமும் இல்லை, எல்லையும் இல்லை. வல்லரசின் படைபலம், பன்னாட்டு நிறுவனங்கள், நாட்டரசுகள், தொண்டு அமைப்புகள் யாவும் இதற்குள் அடுக்கடுக்காக அமைகின்றன. தொண்டு அமைப்புகளை ஆசிரியர்கள் அக்காலத் தொமினிக்கருக்கும் இயேசு சபையாருக்கும் ஒப்பிடுகின்றனர். அறநெறி பேசிப் பேரரசுக்கு வழியமைப்பவர்களாம்! இவ்வுவமை நம்மைக் கூச வைக்கிறது. முற்றிலும் பொய்யென்று தள்ளிவிடவும் மனம் துணியவில்லை.

நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. 2003 மார்ச்சில், பாதுகாப்பு அவையின் ஒப்புதலின்றி, திருத்தந்தை அனுப்பிய கர்தினால் பியோ லாகியின் வேண்டுகோளும் பயனற்றுப்போக, அமெரிக்கா ஈராக்கின்மேல் படையெடுத்தது. அம்முடிவு எந்த நகரில், யாரால் எடுக்கப்பட்டது என்பதை உலகறியும். மையமே இல்லையெனில், பாதிக்கப்பட்ட எளியவன் யாரிடம் கணக்குக் கேட்பான்? எங்கும் பரவிய அதிகாரம் என்னும் கோட்பாடு, பெயரும் முகவரியும் உள்ள அதிகாரிகளுக்கு நல்ல மறைவிடமாகிவிடும் என அஞ்சுகிறோம்.

எல்லாருக்கும் உலகக் குடியுரிமை வேண்டும் என்று நூல் கோருவதை நாமும் வரவேற்கிறோம். ஆனால் அதை மறுப்பவர் யார்? 2013 அக்டோபர் 3 அன்று, நெக்ரியின் தாய்நாட்டைச் சேர்ந்த லாம்பெதூசா தீவுக்கு அருகே படகு மூழ்கி 360-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் எரித்திரிய நாட்டினர். இறந்தவர்கள் அன்றுமுதல் இத்தாலியக் குடிமக்கள் எனப் பிரதமர் லெத்தா மறுநாள் அறிவித்தார். உயிர் பிழைத்துக் கரையேறியவர்கள்மீதோ, சட்டவிரோதமாக நுழைந்தனர் என்று விசாரணை தொடங்கியது. அந்நுழைவைக் குற்றமாக்கிய சட்டத்தை, உரோமையில் கூடும் நாடாளுமன்றம் 2009-இல் நிறைவேற்றியிருந்தது.