நாகதீபத்து ஆசனமும் சுத்தநிபாதமும்: தொல்பௌத்த நூல்களை மொழிபெயர்ப்பிற் படித்தல் பற்றிய ஒரு நோக்கு

மொழிபெயர்ப்பு ஒரு நூலை வேற்றுமொழி வாசகரிடம் சேர்ப்பிக்கும் சாதனம் மாத்திரமன்று. அந்நூலை அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொள்வர் என்பதையும் பெரும்பாலும் அதுவே தீர்மானித்துவிடுகின்றது. தொல்பௌத்த நூல்களைப் பொறுத்தவரையில் இக்கூற்றுச் சிறப்பாகப் பொருந்தும். பாளி அறியாத தமிழ் வாசகர் அவற்றைப் பெரும்பாலும் ஆங்கிலத்தினூடாகவே அறிகின்றனர். இலங்கைச் சிவில் சேவையில் முன்னர் பணியாற்றிய றைஸ் டேவிட்ஸ் பாளி நூற் சங்கத்தை நிறுவிய 1881ஆம் ஆண்டிலேயே, மாக்ஸ் முல்லரின் தம்மபத மொழிபெயர்ப்பும் பௌஸ்பொலின் சுத்தநிபாத மொழிபெயர்ப்பும் ஒரே தொகுதியாக வெளிவந்தன. அன்று தொடங்கிய பணி, பிக்கு போதி 2017இல் வெளியிட்ட சுத்தநிபாத மொழிபெயர்ப்புவரை தொடர்ந்து வந்துள்ளது. இவற்றின் வழியே பெறப்படும் பௌத்தத்தைத் தமிழர் எவ்வாறு படித்தல் வேண்டும் என்னும் வினாவை எழுப்புவதற்கு நயினாதீவு மிகப் பொருத்தமான இடமாகும்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் உள்ளன. குறிகட்டுவானிற் படகேறும் அடியார் இரு தலங்களையும் நாடிச் செல்வர். விகாரைக்குரிய ஐதிகம் மகாவம்சத்தின் முதலாம் அதிகாரத்தில் இடம்பெறுகின்றது. கைகர் 1912இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அது உலகெங்கும் பரவலாக அறியப்பட்டது. புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில், மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணியாசனம் ஒன்றின் பொருட்டுப் போருக்கெழுந்தனர். அவர்கள் மாமனும் மருகனுமாவர். புத்தர் போர்க்களத்தின் மேலே வானிற் தோன்றி, இருளைப் பரப்பி நாகரை அச்சுறுத்தினார். பின்னர் ஒளி தந்து தேற்றி, ஒற்றுமையை விளைக்கும் அறத்தைப் போதித்தார். அரசர் இருவரும் ஆசனத்தை அவருக்கே அளித்தனர். மணிபல்லவத்துத் தருமபீடிகை பற்றி மணிமேகலை கூறும் கதையும் இதனை ஒத்ததே. மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்வார் பலர். அதனை ஐயுறுவாரும் உளர்.

இக்கதை தொடர்பாக இரு செய்திகள் நோக்கற்பாலன. ஒன்று, புத்தரின் நாகதீப வருகை திரிபிடகத்துச் சுத்தங்களில் இடம்பெறவில்லை. தீபவம்சம், மகாவம்சம் ஆகிய பிற்கால வரலாற்று நூல்களே அதனை விரித்துரைக்கின்றன. மற்றையது, ஒற்றுமை தரும் அறம் போதிக்கப்பட்டது எனக் கூறும் மகாவம்சம், அவ்வறம் யாது என விளக்கவில்லை. இருளும் ஒளியும் ஆசனமும் பற்றிய வருணனைகளுக்கு நடுவே உபதேசம் ஒரு தொடரில் முடிந்துவிடுகின்றது. இருவர் ஒரு பொருளுக்காக ஏன் போரிடுகின்றனர், அப்போர் எவ்வாறு தணியும் என்னும் வினாக்களுக்கு விடை காண விழைவோர் மகாவம்சத்தை விட்டுச் சுத்தநிபாதத்துக்கே செல்லவேண்டியவராவர்.

சுத்தநிபாதத்தின் அட்டகவக்கம் பதினாறு சுத்தங்களைக் கொண்டது. பௌத்த நூல்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றென அறிஞர் பலராலும் கொள்ளப்படுவது. அதிலுள்ள கலகவிவாத சுத்தம் வினாவிடையாக அமைந்தது. கலகமும் விவாதமும் எங்கிருந்து எழுகின்றன என்பது முதல் வினா. பிரியமானவற்றிலிருந்து எழுகின்றன என்பது விடை. பிரியம் விருப்பிலிருந்தும், விருப்பு இன்பம் துன்பம் என்னும் உணர்வுகளிலிருந்தும், அவ்வுணர்வுகள் புலன் பொருளைத் தீண்டுவதிலிருந்தும் எழுவன எனச் சுத்தம் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்கின்றது. உடைமை கொள்ளுதலுக்கு இச்சையே காரணமெனக் கூறும் அது, அறிந்த முனிவன் விவாதத்துட் புகான் என முடிகின்றது. இச்சுத்தம் நாகதீபத்திற் போதிக்கப்பட்டது எனக் கூற எவ்வித ஆதாரமும் இல்லை. ஆயினும் மகாவம்சம் கூறாது விட்ட அறத்தின் உள்ளடக்கத்தை உய்த்துணர இதனினும் ஏற்ற துணை வேறில்லை.

இச்சுத்தத்தை ஆங்கிலத்திற் படிக்கும் தமிழர் ஒரு விந்தையான நிலைக்கு உள்ளாகின்றனர். ‘கலகம்’, ‘விவாதம்’, ‘பிரியம்’ என்பன தமிழில் என்றோ குடிபுகுந்த சொற்கள். ஆங்கிலத்துக்குச் சென்று மீண்டும் தமிழுக்கு வரும்போது இவ்வுறவு மறைந்துவிடுகின்றது. ‘பஸ்ஸ’ என்னும் பாளிச் சொல் இதற்குத் தக்க சான்றாகும். தீண்டுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஐம்பொறியும் மனமும் தத்தம் பொருளைச் சாரும் நிலையனைத்தையும் அது குறிக்கும். ஆங்கிலச் சொல்லை மாத்திரம் கண்முன் வைத்துத் தமிழாக்குவோர் அதனைத் ‘தொடர்பு’ எனப் பெயர்த்துவிடுதல் எளிது. அவ்வாறாயின் கடிதத் தொடர்புக்கும் கண் ஒரு வடிவத்தைச் சாருதற்கும் வேறுபாடு இல்லாது போகும். மணிமேகலை ஆசிரியர் இவ்விடத்து ‘ஊறு’ என்றார். தொடுபுலனுக்குரிய சொல்லை ஆறு வாயிலுக்கும் விரித்தாளும் பாளி மரபை அவர் தமிழிலும் அவ்வாறே நிகழ்த்திக் காட்டினார்.

‘சங்காரா’ என்னும் சொல்லின் நிலை இதனினும் சிக்கலானது. எண்ணத்தோடு கூடிய ஆக்கங்கள் எனப் பொருள்படுமாறு பிக்கு போதி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட சம்யுத்த நிகாய மொழிபெயர்ப்பில் அதனைப் பெயர்த்தார். இச்சொல்லை ஒலிபெயர்த்து ‘சங்காரம்’ என எழுதினால், சைவ மரபில் வந்த வாசகர் ஐந்தொழிலுள் ஒன்றாகிய அழித்தலையே எண்ணுவர், ஆக்கம் அழிவாகிவிடும். மணிமேகலை ‘செய்கை’ என எளிதாகவும் செறிவாகவும் இதனைச் சொல்லிவிட்டது. ‘அவிச்சா’ என்பதற்குப் ‘பேதைமை’, ‘தண்ஹா’ என்பதற்கு ‘வேட்கை’, ‘உபாதான’ என்பதற்குப் ‘பற்று’ என அது வழங்கும் சொற்களும் இத்தகையனவே. பாளி நூல்களின் கருத்துலகம் தமிழிற் பெயர்க்கப்படுதல் இனித்தான் தொடங்கவேண்டிய முயற்சியன்று. அது பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது.

அம்முயற்சியைத் தமிழரே மறந்துபோயினர் என்பது கசப்பான உண்மை. உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, அதன் பௌத்தக் கருத்துக்களை விளக்கவல்ல மரபுவழி ஆசிரியர் எவரும் அவருக்குக் கிடைக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியிற் பணியாற்றிய ரங்காசாரியார் ஐரோப்பியரின் ஆங்கில நூல்களைப் படித்துக் கூறிய விளக்கங்களே அவருக்குத் துணையாயின. தமிழ்க் காப்பியமொன்றின் சொற்பொருள் ஆங்கிலத்தின் வழியே தமிழருக்கு மீண்டது. ஆங்கில மொழிபெயர்ப்பைப் பழித்தல் ஆகாது என்பதும், அதனோடு நின்றுவிடலும் ஆகாது என்பதும் இதனாற் பெறப்படும்.

எனினும் மணிமேகலையின் சொற்களை அவ்வாறே எடுத்தாள்வது தீர்வாகிவிடாது. சுத்தநிபாதத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட அக்காப்பியம், பிற்கால அளவையியலையும் தன்னகத்தே கொண்டது. பன்னிரு சார்புகளின் இறுதியிற் பாளி மரபு மூப்பையும் சாவையும் வைக்க, அது ‘வினைப்பயன்’ என்கின்றது. மேலும் சொற்களின் பொருளும் காலந்தோறும் மாறியுள்ளது. இன்றைய வழக்கில் ‘ஊறு’ என்பது தீங்கையே குறிக்கும். ‘துக்கம்’ என்பதும் மரணவீட்டிற் சென்று விசாரிக்கப்படும் துயரமாகச் சுருங்கிவிட்டது. இன்பத்தினுள்ளும் நிலையாமையால் உறையும் நிறைவின்மையைச் சுட்டும் பாளிப் பொருள் அதிற் புலப்படுவதில்லை. மூலச்சொல்லை மாற்றாது வைத்திருத்தலே மூலத்துக்கு உண்மையாயிருத்தல் எனக் கருதுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பழஞ்சொல்லைத் தெரிந்து, அதன் பொருளெல்லையைக் குறிப்பால் விளக்கி, பாளி மூலத்தோடு ஒப்புநோக்கச் செய்யும் மொழிபெயர்ப்பே பயன்தரும்.

இவ்வினா மொழியியலோடு மாத்திரம் அமைவதன்று. நாகதீபக் கதை அண்மைக் காலத்திற் பெரும்பாலும் உரிமைச் சான்றாகவே படிக்கப்படுகின்றது. இத்தீவு யாருடையது, நாகர் எவ்வினத்தார், முதலில் இருந்த வழிபாடு யாது என்னும் வாதங்களுக்கு இரு தரப்பாரும் இக்கதையையே துணைக்கழைக்கின்றனர். ஆசனத்தின் பொருட்டு எழுந்த போரை நிறுத்திய கதை, ஆசனத்துக்கு உரியவர் யார் என்னும் புதியதொரு போருக்குக் கருவியாகின்றது. அரசர் இருவரும் ஆசனத்தை விட்டுக்கொடுத்தனர் என்பதே கதையின் உயிர்; அவர்களுள் எவருடைய வழக்குச் சரியானது என்பது பற்றிக் கதை தீர்ப்பளிக்கவேயில்லை. கலகவிவாத சுத்தத்தைப் படித்தபின் மகாவம்சத்துக்கு மீளும் வாசகருக்கு இது தெளிவாகும். தொல்நூலையும் பிற்கால ஐதிகத்தையும் வேறுபிரித்தறியும் ஆற்றலை நல்ல மொழிபெயர்ப்பொன்றே பாளி அறியாதோருக்கு அளிக்கவல்லது.

இப்படிப்பு இம்மண்ணுக்கு அந்நியமானதுமன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு, ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பாதுகாத்தல் பற்றியும், உடைந்த மரக்கலங்களின் பொருளைப் பங்கிடுதல் பற்றியும் விதித்த ஆணை, நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டிலேயே காணப்படுகின்றது. கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னனின் ஆணைக்குத் தமிழ் ஏற்ற மொழியாயிருந்த தீவில், புத்தரின் உரைக்கு அது ஏலாத மொழியாதற்குக் காரணமில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலே தமிழ்த்துறையும் பாளி, பௌத்தக் கற்கைத் துறையும் உள்ளன. இவ்விரு துறையினரும் கூடியமர்ந்து அட்டகவக்கத்தின் பதினாறு சுத்தங்களையேனும் பாளி மூலத்தோடும் மணிமேகலைச் சொல்லொப்பீட்டோடும் தமிழில் வெளியிடுவாராயின், அது இரு துறைகளுக்கும் பயனுடைய பணியாகும். அத்தகைய பதிப்பிற் கலகவிவாத சுத்தமே முதலில் இடம்பெறத் தக்கது.