மேட்டு வாசல், பள்ளத்து வாசல்

பழைய தெருவில் பல்கலைக்கழகம் புதுக் கட்டடம் எழுப்பினால், உயரம் ஒத்துப்போகிறதா, செங்கல் நிறம் சேர்கிறதா என்றுதான் கட்டடக்கலை விமர்சகர்கள் விவாதிக்கிறார்கள். நான் வாசலைப் பார்க்கிறேன். எந்த வாசல்ல யார் நுழையணும் என்பதுதான் நம்ம சனங்களுக்குக் கட்டடங்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் அது இருப்பது மேட்டில். கிழக்கே செங்குத்தாக இறங்குவது மார்னிங்சைடு பூங்கா, நகரத்தின் பொதுச்சொத்து. அதற்கும் கீழே கறுப்பின மக்களின் ஹார்லெம். அந்தச் சரிவில் உடற்பயிற்சிக் கூடம் கட்ட பல்கலைக்கழகம் திட்டம் போட்டு, 1968 பிப்ரவரியில் தோண்டவும் ஆரம்பித்தது. மாணவர்களுக்கு மேட்டில் வாசல். ஹார்லெம்காரர்களுக்குப் பள்ளத்தில் தனி வாசல்; உள்ளேயும் அவர்களுக்குச் சிறு பகுதிதான். நிலத்தின் சரிவுக்கேற்ற வடிவமைப்பு என்று இதற்கு விளக்கம் சொல்லிவிடலாம். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பதற்கும் இப்படி ஒரு விளக்கம் சொல்ல ஆளா இல்லை?

நிறஒதுக்கல் சட்டங்களுக்கு அந்த நாட்டில் 'ஜிம் க்ரோ' என்று பெயர். உடற்பயிற்சிக் கூடமும் ஜிம்தான். எதிர்த்தவர்கள் அந்தப் பெயரையே கட்டடத்துக்கு வைத்துவிட்டார்கள். இதைவிடக் கூர்மையான கட்டடக்கலை விமர்சனத்தை நான் படித்ததில்லை. ஏப்ரல் 23 அன்று மாணவர்கள் கிளர்ந்தார்கள். கறுப்பின மாணவர்கள் ஹாமில்டன் ஹாலைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 30-ஆம் தேதி விடியுமுன் போலீஸ் புகுந்தது; 700 பேருக்கு மேல் கைது. ஆனாலும் கட்டட வேலை நின்றது நின்றதுதான். தோண்டிய குழி இன்றைக்குப் பூங்காவின் குளம்.

2003-இல் அதே பல்கலைக்கழகம், சற்று வடக்கே மன்ஹாட்டன்வில்லில் 17 ஏக்கர் விரிவாக்கத்தை அறிவித்தது. வடிவமைத்தவர் ரென்சோ பியானோ. மதில் இல்லை. தெருக்கள் தெருக்களாகவே ஊடே போகின்றன. தரைத்தளம் கண்ணாடி, வழிப்போக்கரும் நுழையலாம், காப்பி குடிக்கலாம். பக்கத்தில் 1904-இல் திறந்த இரும்பு இரயில் பாலத்துக்குப் புதுக் கட்டடங்களின் எஃகுச் சட்டகம் உறவு சொல்கிறது. நல்ல வேலைதான். 1968 நடக்காமல் இந்தக் கண்ணாடி வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, பழையதில் எதை வைத்துக்கொண்டார்கள்? ஸ்டுடிபேக்கர் கார் கம்பெனியின் கட்டடம் நிற்கிறது. பழைய பால் ஆலை நிற்கிறது. குடியிருந்த சனம், பட்டறை, சிறு தொழில் எல்லாம் பாரம்பரியக் கணக்கில் வரவில்லை. விற்க மறுத்த பெட்ரோல் பங்க்காரர்களின், கிட்டங்கிக்காரரின் நிலத்தை அரசு அதிகாரத்தால் எடுக்க, 'சீரழிந்த பகுதி' என்று முத்திரை குத்தினார்கள். நம்மூர் 'ஆக்கிரமிப்பு' போல அதுவும் ஆளை அப்புறப்படுத்தும் சொல். 2009-இல் ஒரு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2010-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

கண்ணாடி வழியே உள்ளே பார்க்கலாம், உண்மை. கோபுரத்தையும் எட்ட நின்னு பாக்கலாம்தான். மேற்கு ஹார்லெம் மக்களின் பேரால் 2009-இல் 15 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்களே, வீட்டுவசதிக்கும் கல்விக்கும் என்று. அந்தத் தாளையும் வரைபடத்தோடு சேர்த்துத்தான் நான் வாசிப்பேன். தூணும் கண்ணாடியும் வடிவமைப்பு என்றால் அதுவும் வடிவமைப்புதான். கட்டடத்தைப் புகழ்கிறவர்கள் அதை நிதிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

மேட்டிலிருக்கும் பழைய வளாகத்தில், லேமன் நூலகத்தில், 1995 முதல் அண்ணலின் சிலை இருக்கிறது. 2024-இல், காசா போராட்டங்களின்போது, அந்த வளாகத்தின் வாயில்களைப் பல்கலைக்கழகம் வெளியாருக்கு மூடியது.