படித்தே ஆக வேண்டிய பத்து

ஜனவரி நெருங்கி, சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொட்டகை போட ஆரம்பித்தால் போதும். வாழ்க்கையை மாற்றும் பத்துப் புத்தகங்கள், முப்பது வயதுக்குள் படித்தே ஆக வேண்டிய பத்துப் புத்தகங்கள் என்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் பட்டியல்கள் வரிசைகட்டி வரும். பெயர்கள் அநேகமாக மாறுவதில்லை. நெப்போலியன் ஹில், டேல் கார்னெகி, ஸ்டீபன் கோவி, ராபர்ட் கியோசாகி, ஜேம்ஸ் கிளியர். கதையும் ஒன்று வேண்டுமே என்று பாவ்லோ கொய்லோ. உள்ளூர் மரியாதைக்கு எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'. இவற்றில் எதற்கு மவுசு அதிகம் என்று அறிய விற்பனைக் கணக்கைத் தேட வேண்டாம். நடைபாதைக் கடையில் எதைத் திருட்டுத்தனமாக அச்சடித்து, ஒரு பக்கம் மை அப்பியும் மறுபக்கம் வெளிறியும் விற்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இலக்கியம் படிக்கிறவர்கள் இந்தப் பட்டியலைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பில் எனக்கு உடன்பாடில்லை. பாடப்புத்தகத்தைத் தவிர வேறு புத்தகமே இல்லாத வீட்டிலிருந்து வருகிற ஒரு பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு அந்த வேலையைத் தொண்டிக்காரரான அப்துற்-றஹீமும் 'கல்கண்டு' தமிழ்வாணனும் செய்தார்கள். எளிய தமிழ், தெம்பூட்டும் பேச்சு. பலருக்கு, தேர்வுக்காக இல்லாமல் தனக்காகப் படித்த முதல் புத்தகம் அவர்களுடையதுதான். அதிலிருந்த அறிவுரை எவ்வளவு தூரம் பலித்ததோ தெரியாது. ஆனால் இருநூறு பக்கத்தை முழுசாகப் படித்து முடிக்க நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை வந்தது. அடுத்த புத்தகத்துக்குக் கை தானாகப் போனது. பரிந்துரைப் பட்டியலின் பக்கம் நின்று இதைவிடப் பெரிய நியாயம் எதுவும் சொல்ல முடியாது.

என் குறை வேறு இடத்தில். புத்தகங்கள் மனிதர்களை மாற்றியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை மாற்றிய விதம் ஒன்று, பட்டியல் போடுகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் விதம் இன்னொன்று.

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை காந்தியுடையது. 1904இல் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் ஹென்றி போலக் என்ற நண்பர் அவர் கையில் ஜான் ரஸ்கினின் 'அன்டூ திஸ் லாஸ்ட்' நூலைக் கொடுத்தார். டர்பனுக்கு இருபத்து நான்கு மணி நேரப் பயணம். காந்தியால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அன்றிரவு தூக்கமும் இல்லை. விடிந்தபோது, அந்த நூல் சொல்கிறபடி வாழ்க்கையை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார். ஒரு நூல், ஓர் இரவு, ஒரு மகாத்மா. இந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் யூடியூபுக்கு அருமையான கதை.

நிறுத்தாமல் கொஞ்சம் உள்ளே போவோம். காந்தி டர்பனுக்குப் போனது எதற்காக? அங்கே அச்சாகிக்கொண்டிருந்த 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு வழக்கைப் பார்த்த ஆல்பர்ட் வெஸ்ட் நிலைமை மோசம் என்று எழுதியிருந்தார். பத்திரிகையை எப்படிப் பிழைக்க வைப்பது என்ற கவலையோடு வண்டி ஏறியவரின் கையில், உழைப்புக்கு என்ன கூலி நியாயம் என்று கேட்கும் புத்தகம் வந்து சேர்ந்தது. வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்பது அதிலிருந்து காந்தி எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று. சில வாரங்களில் அச்சகத்தைப் பெயர்த்து ஃபீனிக்ஸ் என்ற இடத்தில் வாங்கிய நிலத்துக்குக் கொண்டுபோனார். நிறமோ நாடோ பாராமல் ஆளுக்கு மாதம் மூன்று பவுன் என்று தீர்மானம். படித்தது பத்திரிகையின் சம்பளப் பட்டியலில் போய் நின்றது.

கொடுத்த ஆளையும் கவனிக்க வேண்டும். போலக் பத்திரிகைக்காரர். காந்தியோடு பழக்கம் ஏற்பட்டது ஜோகன்னஸ்பர்க்கின் ஒரு சைவ உணவகத்தில். இவர் என்ன சாப்பிடுகிறார், எதைப் பற்றிக் கவலைப்படுகிறார், எந்தப் பேச்சுக்கு முகம் மலர்கிறது என்பதெல்லாம் நேரில் தெரிந்தவர். இனி இவருக்கு ஒரு முழுநாள் ரயிலில் வேறு வேலை இருக்காது என்பதும் தெரியும். காந்தியே பின்னால் தன் சுயசரிதையில், தனக்குள் ஏற்கெனவே ஆழத்தில் கிடந்த எண்ணங்கள் சிலவற்றைத்தான் அந்த நூலில் கண்டதாக எழுதுகிறார். ஆக, நூல் புதிதாக எதையும் ஊற்றவில்லை. தீப்பிடிக்கத் தயாராக இருந்த விறகு அவர் மனம்.

இன்னொன்று. ரஸ்கின் எழுதியது தன்முன்னேற்ற நூலே அல்ல. 1860இல் 'கார்ன்ஹில்' இதழில் அரசியல் பொருளாதாரத்தைத் தாக்கி வெளிவந்த நான்கு கட்டுரைகள் அவை. வாசகர்கள் கொதித்துப்போனதால் தொடர் அதோடு நிறுத்தப்பட்டது. தனிமனித வளர்ச்சிக்கான பத்து என்று இன்று யாராவது பட்டியல் போட்டால் இது பக்கத்தில்கூட வராது. காந்தியின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட நூலுக்கு, காந்தியைச் சான்று காட்டும் பட்டியல்களிலேயே இடமில்லை என்பது வேடிக்கைதான்.

வேடிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. தன்முன்னேற்றம் என்று நாம் சொல்கிற வகைக்கே பெயர் வைத்த நூல், சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்'. வெளிவந்தது 1859. அதன் விதை, 1845இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மாலை நேரத்தில் கூடிப் படித்துக்கொண்டிருந்த இளைஞர்களிடம் ஸ்மைல்ஸ் ஆற்றிய உரை. பகலில் வேலை, மாலையில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது. அப்படித் தாங்களே நடத்திக்கொண்ட வகுப்பு அது. தன் கையே தனக்கு உதவி என்ற தத்துவம் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்த அறையில் பிறந்திருக்கிறது. அந்த அறையை விட்டுவிட்டுத் தத்துவத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

பட்டியலில் காணாமல் போவது அந்த அறைதான். பரிந்துரைப்பவருக்குப் படிக்கப்போகிறவர் யாரென்று தெரியாது. கியோசாகியை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் காசு கொண்டுவருவதுதான் சொத்து, காசைக் கொண்டுபோவது கடன் சுமை என்று அவர் போடும் கோடு தெளிவானது. சம்பளம் வாங்கத் தொடங்கிய எவரும் ஒருமுறை யோசிக்க வேண்டியது. ஆனால் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' என்ற அவர் நூலின் வழிமுறைகள் அமெரிக்க வரிச் சட்டத்தையும் அங்குள்ள வீட்டுமனைச் சந்தையையும் நம்பி நிற்பவை. அதை யாரும் சொல்வதில்லை. நகையை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டிய அப்பாவின் மகன் அந்த நூலைப் படித்தால், ஏழைத் தந்தை யார் என்று அவனுக்கு உடனே புரிந்துவிடும். பணக்காரத் தந்தை செய்ததைச் செய்ய முதல் எங்கிருந்து வரும் என்பது புரியாது. நெப்போலியன் ஹில்லின் நூல் வந்தது 1937இல், அமெரிக்கா பெருமந்தத்திலிருந்து எழுந்திராத காலத்தில். நினைப்பைத் திருத்தினால் பணம் வரும் என்பது அன்று ஆறுதலாக இருந்திருக்கும். வேலை கிடைக்காதவனிடம் இன்று அதே நூலை நீட்டும்போது, கிடைக்காததற்குக் காரணம் உன் நினைப்புதான் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். (எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகியே தன்னை அழைத்து இந்த நூலுக்கான ஆய்வைச் செய்யச் சொன்னதாக ஹில் சொன்ன கதைக்கு அவர் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. நூல் வந்தபோது கார்னெகி இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.)

உதயமூர்த்தியை இந்த வரிசையில் வைத்துப் படிக்கிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அவரும் அமெரிக்காவில் தொழில் செய்து, அந்நாட்டு வெற்றி நூல்களின் பேச்சைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்தான். ஆனால் எண்ணத்தைத் திருத்துவதோடு வேலை முடிந்தது என்று அவர் உட்காரவில்லை. 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி ஊர் ஊராக அலைந்தார். இயக்கம் எவ்வளவு சாதித்தது என்பது தனி விவாதம். தனிமனிதன் மட்டும் மாறினால் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது; அவரைப் பரிந்துரைப்பவர்களுக்கு அது தோன்றுவதில்லை.

அடுத்த கோளாறு: புத்தகம் பழசாவது பட்டியலுக்குத் தெரியாது. எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று இன்றும் மேடைதோறும் கேட்கிறோம். அதன் ஊற்று 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய நூல். அறுவை சிகிச்சைக்குப் பின் தங்கள் புதிய முகம் பழகுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். குறைந்தது என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை என்பதும் தெரிந்தது. 21 நாள் சூத்திரத்தை நம்பி ஓடத் தொடங்கி, இருபத்தைந்தாம் நாள் காலையில் எழ முடியாமல் படுத்துவிட்ட பையனுக்கு இதை யார் சொல்வது? தனக்கு மனவுறுதி கிடையாது என்று முடிவுகட்டி ஓடுவதையே விட்டிருப்பான்.

மேல்தட்டுப் பட்டியல்களும் தப்பவில்லை. டேனியல் கானமன் நோபல் பரிசு பெற்றவர். 2011இல் வந்த அவருடைய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' விவரமானவர்களின் பட்டியலில் தவறாமல் இருப்பது. முதுமை சார்ந்த சொற்களைப் படித்த மாணவர்கள் நடையே தளர்ந்து மெதுவாக நடந்தார்கள் என்பது போன்ற சோதனைகளை அதன் நான்காம் அத்தியாயம் நம்பிப் பேசுகிறது. அந்தச் சோதனையை 2012இல் பெல்ஜியத்தில் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. போதிய எண்ணிக்கையில் ஆள்கள் இல்லாத ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் கானமனே ஒப்புக்கொண்டார். எழுதியவர் பின்வாங்கிவிட்டார், பரிந்துரைத்தவர்கள் யாரும் பின்வாங்கியதாகத் தெரியவில்லை. நூல் இன்றும் படிக்கத் தக்கதே. நாலாம் அத்தியாயத்தை ஒரு சிட்டிகை உப்போடு படியுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியை எழுத, நூலைப் படித்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

எந்தப் பட்டியலும் உதவாது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் 2013இல் நாடளவில் தொடங்கிய திட்டம் ஒன்றில், லேசான மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவருக்கு மருத்துவர் மாத்திரைச் சீட்டு மாதிரி புத்தகப் பெயரை எழுதித் தருவார். பொது நூலகத்தில் அது இருக்கும். கார்டிஃப் நகரில் உளவியலாளர் நீல் ஃப்ரூட் முன்பே செய்து பார்த்தது. அங்கே பட்டியல் இருக்கிறது. ஆனால் இன்ன தொந்தரவுக்கு இன்ன நூல் என்று துறை தெரிந்தவர்கள் கூடித் தேர்ந்தது. கொடுப்பவருக்கு எதிரே நோயாளி உட்கார்ந்திருக்கிறார். சரியாகவில்லை என்றால் அவரிடமே திரும்பி வருவார்.

இந்த விவேகத்துக்கு நாம் கார்டிஃப் வரை போகத் தேவையில்லை. சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பவை அவற்றில் இரண்டு. அலமாரிக்கும் வாசகருக்கும் நடுவே ஓர் ஆள் இருந்து, என்ன வேண்டும் என்று விசாரித்து எடுத்துத் தர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று நம் கிளை நூலகங்களில் அந்த நடு ஆள் பெரும்பாலும் கையெழுத்து வாங்கி முத்திரை குத்துவதோடு நிற்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்பதை எல்லாம் போனிடம் கேட்டுவிடுகிறோம். போனில் பட்டியல் போட்டவருக்கோ கீழே கொடுத்திருக்கும் சுட்டி வழியாக வாங்கினால் கமிஷன்.

இந்தத் தேசத்தில் புத்தகம் கொடுத்தவர்களில் நான் போலக்கைவிட உயர்வாக நினைப்பவர் ஒருவர் இருக்கிறார். பம்பாயில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், மாலையில் சர்னி ரோடு தோட்டத்தில் தனியே உட்கார்ந்து படிக்கும் ஒரு பையனைக் கவனித்துப் பேச்சுக் கொடுத்தார். தேர்வில் தேறியதற்காக அந்தப் பையனுக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகத் தந்தார். பையன் பெயர் பீமராவ் அம்பேத்கர். அந்த நூல் தன்னை உலுக்கியதாகப் பின்னால் அம்பேத்கர் எழுதினார். ஆனால் அவர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14 அன்று. ஏறக்குறைய அரை நூற்றாண்டு இடைவெளி. படித்த வாரமே என்ன மாறியது என்று யாராவது அந்தப் பையனைக் கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

கேளுஸ்கர் புத்தகத்தோடு நிற்கவில்லை. மேற்கொண்டு படிக்க வீட்டில் வசதியில்லை என்று தெரிந்ததும் பரோடா மகாராஜா சாயாஜிராவிடம் பையனுக்காகப் பேசினார். எல்ஃபின்ஸ்டன் கல்லூரிப் படிப்புக்கு மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.